செஸ்னா 172இல் தரையிறங்கப் பழகும்போது வரும் பிழைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே சொல்லும் எண்கள் செஸ்னா 172எஸ் ரகச் சிறு விமானத்துக்கானவை: 180 குதிரைத்திறன் லைகமிங் எஞ்சின், தலைக்கு மேல் இறக்கை, முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு. பயிற்சிப் பள்ளிகளில் பெரும்பாலும் இதையோ இதன் தம்பியான 152ஐயோதான் பார்ப்பீர்கள். 152இல் எண் மாறும் சில இடங்களைத் தனியே சொல்லியிருக்கிறோம். வேகம் எல்லாம் நாட் (மணிக்கு ஒரு கடல்மைல்) கணக்கில், வேகமானி காட்டும்படி. உங்கள் விமானத்தின் கையேட்டில் வேறு எண் இருந்தால் கையேடுதான் சரி.

சர்க்யூட்டில் எந்த இடத்தில் எவ்வளவு வேகம் இருக்க வேண்டும்?

சர்க்யூட் என்பது தரையிறங்குவதற்காக ரன்வேயைச் சுற்றிவரும் செவ்வகப் பாதை. டவுன்விண்டில் (ரன்வேக்கு இணையாக, இறங்கும் திசைக்கு எதிராகப் போகும் பக்கம்) தரையிலிருந்து 1,000 அடி, சுமார் 90 நாட். ரன்வேயின் தொடக்கம் உங்கள் தோளுக்கு நேராக வரும்போது த்ராட்டிலை (எஞ்சின் பவரைக் கூட்டிக் குறைக்கும் பிடி) 1,500 ஆர்பிஎம் (நிமிடச் சுழற்சி) அளவுக்குக் குறைத்து, முதல் 10 டிகிரி ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறங்கும் பலகை). 80 நாட் வந்ததும் இறங்கத் தொடங்கலாம். ரன்வே தொடக்கம் தோளுக்குப் பின்னால் 45 டிகிரியில் தெரியும்போது பேஸுக்கு (ரன்வேக்குக் குறுக்கான பக்கம்) திரும்பி 20 டிகிரி ஃபிளாப், 70 முதல் 75 நாட். ஃபைனலில் (ரன்வேக்கு நேராக வரும் கடைசிப் பகுதி) 500 அடி வாக்கில் 30 டிகிரி ஃபிளாப், 65 நாட். முழு ஃபிளாப்புடன் 60 முதல் 70 வரை, ஃபிளாப் இல்லாமல் 65 முதல் 75 வரை என்பது கையேட்டின் வரம்பு. 152இல் இவை 55 முதல் 65, 60 முதல் 70.

172எஸ்ஸில் முதல் 10 டிகிரியை 110 நாட்டுக்குக் கீழே எப்போது வேண்டுமானாலும் இறக்கலாம். அதற்கு மேல் இறக்க வேகம் 85க்குக் கீழே இருக்க வேண்டும்.

மாணவர்களுக்கு இந்த எண்கள் மனப்பாடமாகவே இருக்கும். இருந்தும் ஃபைனலுக்குத் திரும்பும்போது பலருக்கு வேகமானி 78 காட்டும். அது ஃபைனலில் செய்த பிழை இல்லை. டவுன்விண்டில் த்ராட்டிலைக் குறைத்தவுடன் மூக்கு தானாகத் தாழ்ந்தது. வேகம் குறையும்வரை அதைத் தூக்கிப் பிடிக்கவில்லை. அந்தக் கூடுதல் வேகம் பேஸிலும் கூடவே வந்து, ஃபைனலில்தான் கண்ணில் பட்டிருக்கிறது. தரையில் நடந்த கோளாறுக்குக் காரணம் தேடும்போது ஒன்றரை நிமிடம் பின்னால் போய்ப் பாருங்கள்.

ஃபைனலில் வேகம் ஒரே இடத்தில் நிற்பதில்லை. 60, 72, 58, 70 என்று ஆடுகிறது. ஏன்?

முதல் காரணம் ட்ரிம், அதாவது கையில் பாரம் தெரியாதபடி சரிசெய்யும் அமைப்பு. யோக்கை (விமானத்தின் மூக்கையும் சாய்வையும் மாற்றும் கைப்பிடி) முஷ்டியால் இறுக்கிப் பிடித்திருந்தால், கை தளரும் ஒவ்வொரு முறையும் மூக்கு நகரும். ஃபிளாப்பை மாற்றியதும் மூக்கை வேண்டிய கோணத்தில் வையுங்கள், வேகம் நிலைக்கட்டும், பிறகு கையில் பாரம் தெரியாத வரை ட்ரிம் சக்கரத்தைச் சுழற்றுங்கள். சரியாகச் செய்தீர்களா என்று பார்க்க ஒரு வழி: இரண்டு விநாடி யோக்கை விட்டுவிடுங்கள். மூக்கு அசையாவிட்டால் ட்ரிம் சரி. கட்டைவிரலும் இரண்டு விரலும் போதும் அதைப் பிடிக்க.

இரண்டாவது காரணம், வேகமானியைத் துரத்துவது. முள் மாறுவதற்கு விமானம் முதலில் வேகம் மாற வேண்டும். அதற்குச் சில விநாடி ஆகும். அதற்குள் பொறுமையிழந்து இன்னும் கொஞ்சம் இழுத்தால், முள் வந்து சேரும்போது இரண்டு மடங்கு மாறியிருக்கும். கண்ணாடிக்கு வெளியே அடிவானத்துக்கு மூக்கு எவ்வளவு கீழே இருக்கிறது என்பதை வைத்து ஓட்டுங்கள். முள்ளை ஒரு பார்வை மட்டும் பாருங்கள்.

5, 10 நாட் கூடினால் என்ன குறைந்துபோகும்? பாதுகாப்புக்குத்தானே?

மாணவர்கள் மனதில் ஆழமாகப் பதிந்திருக்கும் நம்பிக்கை இது. 65க்குப் பதில் 75இல் வந்தால் இயக்க ஆற்றல் 33 சதவீதம் கூடுகிறது. வேகத்தின் வர்க்கம் அது. அந்த ஆற்றல் எங்காவது கழிய வேண்டும்.

தரைக்கு மிக அருகே இறக்கை பறக்கும்போது காற்றின் தடை குறைந்துவிடும். 172இன் இறக்கை நீளம் 36 அடி. இறக்கை தரையிலிருந்து 9 அடியில், அதாவது நீளத்தில் கால் பங்கில் இருக்கும்போது, தூக்குவிசையால் உண்டாகும் தடை ஏறக்குறைய 24 சதவீதம் குறைகிறது. அதனால் த்ராட்டிலை முழுதாக மூடிய பிறகும் விநாடிக்கு 2 நாட் அளவில்தான் வேகம் கரையும். கூடுதலான 10 நாட் கரைய 5 விநாடி. அந்த வேகத்தில் விநாடிக்குச் சுமார் 120 அடி போகிறீர்கள். ஆக ஏறக்குறைய 600 அடி ரன்வே மிதந்தே போகிறது.

மிதப்பது மட்டும் என்றால் பரவாயில்லை. ரன்வே ஓடிக்கொண்டிருப்பதைப் பார்க்கும் மாணவர் "போதும், இறங்கு" என்று யோக்கை முன்னால் தள்ளுவார். இந்தப் பக்கத்தில் பின்னால் வரும் துள்ளல்களில் பாதி அங்கேதான் தொடங்குகின்றன.

காற்று வீச்சு மாறி மாறி அடித்தால் மட்டும் கூட்டலாம், அதற்கும் கணக்கு உண்டு: வீச்சுக்கும் சராசரிக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதி. 10 நாட் காற்று, 18 வரை வீச்சு என்றால் 4 நாட்.

உயரமாக வருகிறேனா, தாழ்வாக வருகிறேனா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ரன்வே எண்ணை இலக்காக வைத்துக்கொள்ளுங்கள். வேகம் நிலையாக இருக்கும்போது அந்த எண் முன்கண்ணாடியில் அசையாமல் பெரிதாகிக்கொண்டே வந்தால் அங்கேதான் போகிறீர்கள். கண்ணாடியில் மேலே ஏறினால் எட்டாமல் போகும், பவர் கூட்டுங்கள். கீழே நழுவினால் தாண்டிவிடும், பவர் குறையுங்கள். வேகம் ஆடிக்கொண்டிருந்தால் இந்த அடையாளம் பொய் சொல்லும். மூக்கு ஏறி இறங்கும்போது எண்ணும் கண்ணாடியில் ஏறி இறங்கும்.

பெரும்பிழை: தாழ்ந்துவிட்டது என்று தெரிந்ததும் பவர் கூட்டாமல் மூக்கைத் தூக்கி "எட்டிப் பிடிக்க"ப் பார்ப்பது. வேகம் குறைந்து, தடை கூடி, இன்னும் சீக்கிரம் கீழே போகும்.

பாப்பி விளக்கு (இறங்கும் சரிவை வெள்ளை, சிவப்பு நிறங்களால் காட்டும் நான்கு விளக்கு வரிசை) இருக்கும் ரன்வேயில் இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு என்பது வழக்கமாக 3 டிகிரிச் சரிவு. சிறிய சர்க்யூட்டில் வரும் 172 அதைவிடச் செங்குத்தாகவே இறங்கும், ஆகவே மூன்று வெள்ளை தெரிந்தால் பதற வேண்டாம். மூன்று சிவப்பைத்தான் கவனிக்க வேண்டும்.

ஃபிளேரை எப்போது தொடங்க வேண்டும்? எல்லோரும் "உணர்ந்துகொள்" என்கிறார்களே!

ஃபிளேர், அதாவது தரைக்கு அருகே மூக்கைத் தூக்கி இறக்கத்தை நிறுத்துவது, 10 முதல் 20 அடிக்குள். அந்த உயரத்தைக் கண்தான் சொல்ல வேண்டும், பிரச்சினையும் அங்கேதான். மூக்குக்கு முன்னால் உடனே இருக்கும் தார்த்தளத்தைப் பார்த்தால் எல்லாம் மங்கலாக ஓடும், கீழே விழுவதுபோல் தோன்றும், சீக்கிரம் இழுத்துவிடுவீர்கள். ரொம்பத் தொலைவில் பார்வையைக் குத்தினால் உயரமே தெரியாது, தாமதமாகும்.

எண்ணைத் தாண்டும்வரை பார்வை எண்ணில். இறக்கத்தை நிறுத்தத் தொடங்கும்போது பார்வையை ரன்வேயின் மறுமுனைக்குக் கொண்டுபோங்கள். அப்போது ஓரக்கண்ணில் ரன்வேயின் இரண்டு ஓரங்களும் அகன்றுகொண்டே, கண்மட்டத்தை நோக்கி ஏறி வருவது தெரியும். அந்த ஏற்றத்தின் வேகமே உங்கள் உயரமானி. மூக்கு ஏறி முன்னால் மறைத்தால் இடது பக்க ஓரத்தைப் பார்க்கலாம்.

இருக்கையின் உயரத்தை ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் வைத்துக்கொள்ளுங்கள். நேற்று இரண்டு அங்குலம் மேலே, இன்று கீழே என்று உட்கார்ந்தால் பார்க்கும் காட்சியே வேறு. நேற்றுப் பழகியது இன்றைக்கு உதவாது. அதைச் சரிசெய்த பிறகு இருக்கை தண்டவாளத்தில் பூட்டிக்கொண்டதா என்று முன்னும் பின்னும் ஒருமுறை ஆட்டிப் பாருங்கள். ஓடும்போது பின்னால் சரியும் செஸ்னா இருக்கை பழைய, பேர்போன ஆபத்து.

அகலமான ரன்வேக்குப் பழகியவர் குறுகலான ரன்வேக்குப் போனால் உயரமாக இருப்பதாகத் தோன்றும். தாழ்வாக வந்து தாமதமாக ஃபிளேர் செய்வார். குறுகலிலிருந்து அகலத்துக்குப் போனால் எதிர்மாறு: 30 அடியிலேயே இழுத்துவிடுவார்.

ஃபிளேரில் விமானம் மறுபடி மேலே ஏறிவிடுகிறது. என்ன செய்வது?

இதைத்தான் பலூன் என்கிறோம். வேகம் கூடுதலாக இருக்கும்போது சட்டென்று இழுத்தால் வரும். வேகம் கரையக் கரையக் கொஞ்சம் கொஞ்சமாக இழுப்பதுதான் ஃபிளேர். ஒரே இழுப்பில் முடிக்கும் வேலை அன்று.

3, 4 அடி ஏறியிருந்தால் இழுப்பதை நிறுத்தி, மூக்கை அங்கேயே பிடித்து, விமானம் தானாக இறங்கத் தொடங்கும்வரை காத்திருந்து மீண்டும் இழுங்கள். கொஞ்சம் பவர் உதவும். 10 அடிக்கு மேல் ஏறி, வேகம் குறைந்து, ஸ்டால் (இறக்கை தூக்குவிசையை இழப்பது) எச்சரிக்கை ஊதத் தொடங்கிவிட்டால் முழு த்ராட்டில், கோ-அரவுண்ட் (தரையிறங்காமல் மீண்டும் ஏறிச் சுற்றி வருவது). எந்த நிலையிலும் யோக்கை முன்னால் தள்ளக் கூடாது. வேகம் இல்லாமல் 10 அடியிலிருந்து விழுந்தால் பின்சக்கரங்கள் தாங்கலாம். தள்ளினால் அடி முன்சக்கரத்தில் விழும்.

ஸ்டால் எச்சரிக்கை ஒரு அடி உயரத்தில் ஊதினால் அது நல்ல சேதி. ஏழடியில் ஊதினால் கெட்ட சேதி.

துள்ளல் ஏன் ஒவ்வொரு முறையும் பெரிதாகிறது?

விநாடி விநாடியாகப் பார்த்தால் புரியும். விமானம் தட்டையாக, வேகமாக வந்து முன்சக்கரம் முதலில் தொடுகிறது. தரை மூக்கை மேலே உதைக்கிறது. மூக்கு ஏறியதால் இறக்கையின் கோணம் கூடி, இன்னும் பறக்கும் வேகம் இருப்பதால், விமானம் மேலே எழுகிறது. மாணவர் மூக்கு ஏறுவதைப் பார்த்துத் தள்ளுகிறார். அவர் கை செயல்படும் நேரத்துக்குள் விமானம் உச்சியைத் தொட்டு, மூக்கு தானாகவே தாழத் தொடங்கிவிட்டது. அவருடைய தள்ளலும் அதோடு சேர, முன்சக்கரம் முன்னைவிட வேகமாக மோதுகிறது. இப்போது பயந்து இழுக்கிறார். அந்த இழுப்பு அடுத்த எழுச்சியோடு சேர்கிறது. கை எப்போதும் அரைத்துள்ளல் தாமதம். ஊஞ்சலைத் தவறான நேரத்தில் தள்ளி உயரமாக்குவது போலத்தான்.

மூன்றாவது, நான்காவது மோதலில் முன்கால் வளையும். ப்ரொபெல்லர் நுனிக்கும் தரைக்கும் ஒரு அடிகூட இடைவெளி கிடையாது. முன்கால் மடங்கினால் நுனி தரையைத் தொடும். முன்கால் எஞ்சினுக்குப் பின்னாலுள்ள தீத்தடுப்புச் சுவரோடு பிணைந்திருப்பதால் அந்தத் தகடு சுருங்கும். ப்ரொபெல்லர் ஓடும்போது தரையைத் தொட்டிருந்தால், எஞ்சின் அப்புறம் நன்றாகவே ஓடினாலும், அதைப் பிரித்துச் சோதிக்க வேண்டும். வளைந்த ப்ரொபெல்லரைவிட அந்தச் செலவு பலமடங்கு.

செய்ய வேண்டியது: சிறு துள்ளலில் ஃபிளேர் கோணத்திலேயே மூக்கைப் பிடித்து, தேவைப்பட்டால் கொஞ்சம் பவர் கொடுத்து, மறுபடி பின்சக்கரத்தில் இறங்கவிடுங்கள். பெரிய துள்ளல் என்றாலோ இரண்டாவது துள்ளல் வந்துவிட்டாலோ முழு த்ராட்டில், மூக்கு ஏறும் கோணத்தில், கோ-அரவுண்ட். இரண்டாவதை அடக்கிவிடலாம் என்று நினைப்பவர்தான் மூன்றாவதைப் பார்க்கிறார்.

மூன்று சக்கரமும் ஒன்றாகத் தொட்டால் தவறா? மெதுவாகத்தானே இருந்தது?

தவறுதான். மெதுவாக இருந்ததால் பிழை மறைந்துபோகிறது. பின்கால்கள் இரண்டும் எஃகுக் கம்பங்கள், வளைந்து நிமிரும்படி செய்தவை. முன்காலில் காற்றும் எண்ணெயும் அடைத்த சிறு உருளைதான், ஓடும்போது பாரம் தாங்க. பின்சக்கரம் தொட்ட பிறகும் யோக்கை இழுத்துக்கொண்டே இருங்கள். வேகம் குறையக் குறைய முன்சக்கரம் தானாக வந்து உட்காரும். அதற்காக அளவுக்கு மிஞ்சி மூக்கைத் தூக்கினால் வாலின் அடியிலுள்ள கட்டும் வளையம் தாரை உரசும். பறப்பதற்கு முன் சுற்றிப் பார்க்கும்போது அந்த வளையத்தைக் கவனியுங்கள். தேய்ந்திருந்தால் உங்களுக்கு முன்னால் ஒருவர் அப்படிச் செய்திருக்கிறார்.

காற்றே இல்லாத நாளிலும் மூக்கு இடப்பக்கம் திரும்பியபடி இறங்குகிறேன். ஏன்?

நீங்கள் நடுவில் உட்காரவில்லை என்பதுதான் காரணம். இடது இருக்கையிலிருந்து எஞ்சின் மூடியின் நடுப்பகுதியை, அதாவது ப்ரொபெல்லர் முனையை, ரன்வேயின் நடுக்கோடான செண்டர்லைனில் வைக்கிறீர்கள். உங்கள் கண்ணிலிருந்து அந்த முனைக்குப் போகும் கோடு வலப்பக்கம் சாய்ந்தது. அந்தச் சாய்ந்த கோடு ரன்வேயோடு நேராக வேண்டுமானால் விமானம் இடப்பக்கம் திரும்பியிருக்க வேண்டும். சக்கரங்கள் பக்கவாட்டில் உரசும் கீச்சொலி இதன் அடையாளம்.

மருந்து எளிது. விமானம் செண்டர்லைனில் நேராக நிற்கும்போது, உங்கள் கண்ணுக்கு நேர் எதிரே எஞ்சின் மூடியில் எந்த ஆணி, எந்தத் தையல் தெரிகிறது என்று பார்த்து வையுங்கள். அழியும் பேனாவால் கண்ணாடியில் ஒரு புள்ளி வைக்கவும் இன்ஸ்ட்ரக்டர் சம்மதிப்பார். இனி ரன்வேயின் மறுமுனையை வைக்க வேண்டிய இடம் அந்தப் புள்ளி.

இன்னொரு சிறு காரணமும் உண்டு. இடது கையால் மட்டும் யோக்கை இழுக்கும்போது முழங்கை மடங்கி யோக் லேசாக இடப்பக்கம் திரும்பும், இடது இறக்கை தாழும்.

பக்கக் காற்றை எப்படிக் கணக்கிடுவது? எப்படி இறங்குவது?

கணக்குக்குக் கடிகாரம் போதும், டிகிரியை நிமிடமாக எண்ணுங்கள். காற்று ரன்வேயோடு எத்தனை டிகிரி என்று பாருங்கள்: 15 என்றால் காற்றின் வேகத்தில் கால், 30 என்றால் அரை, 45 என்றால் முக்கால், 60க்கு மேல் முழுசு. ரன்வே 04 (அதாவது 040 டிகிரித் திசை), காற்று 070இலிருந்து 12 நாட் என்றால் 30 டிகிரி, ஆக வலப்பக்கமிருந்து 6 நாட். 45இலும் 60இலும் இந்தக் கணக்கு உண்மையைவிடக் கொஞ்சம் கூட்டியே சொல்லும், அது நல்லதுக்குத்தான். 172எஸ் சோதனையில் காட்டிய பக்கக் காற்று 15 நாட், 152க்கு 12. இவை மாணவருக்கான இலக்கு அல்ல. முதல் சோலோவுக்கு (தனியாகப் பறப்பது) பள்ளிகள் வைக்கும் வரம்பு இதைவிட வெகு குறைவு.

ஃபைனலில் மூக்கைக் காற்றின் பக்கம் திருப்பியே வாருங்கள். 6 நாட் பக்கக் காற்றுக்கு 65 நாட்டில் ஏறக்குறைய ஐந்து டிகிரிதான். பழகும் நாட்களில் 200 அடி வாக்கிலேயே முறையை மாற்றிக்கொள்ளலாம்: இடது ரடர் (கால் மிதியால் இயங்கும் வால் சுக்கான்) அழுத்தி மூக்கை ரன்வேக்கு நேராக்கி, வலது இறக்கையைத் தாழ்த்தி, காற்று தள்ளுவதை நிறுத்துங்கள். இங்கே கால் செய்யும் வேலையும் கை செய்யும் வேலையும் வெவ்வேறு. மூக்கு எங்கே பார்க்கிறது என்பது கால். விமானம் செண்டர்லைனிலிருந்து நகருகிறதா என்பது இறக்கை. இரண்டையும் குழப்பிக்கொண்டு, நகர்வதைக் காலால் திருத்தப் பார்ப்பதுதான் மாணவர்களின் பொதுப் பிழை.

வலது பின்சக்கரம் முதலில் தொடும், பிறகு இடது, கடைசியில் முன்சக்கரம். ஒற்றைச் சக்கரத்தில் இறங்குவது பயமாக இருப்பதால் கடைசி நொடியில் இறக்கையைச் சமமாக்குபவர்கள் உண்டு. அந்த நொடியிலேயே காற்று அவர்களை இடப்பக்கம் தள்ளிவிடும்.

அடுத்தது இன்னும் பொதுவான பிழை: சக்கரம் தொட்டதும் "இறங்கியாச்சு" என்று எய்லரானை (இறக்கைகளில் இருந்து சாய்வைக் கட்டுப்படுத்தும் பலகை) நடுவில் விடுவது. வேகம் குறையக் குறைய எய்லரானின் பலம் குறையும், ஆகவே யோக்கைக் காற்றின் பக்கம் இன்னும் அதிகமாகத் திருப்பி, டாக்ஸி (தரையில் மெதுவாக ஊர்வது) வேகம் வரும்போது முழுதாகத் திருப்பியிருக்க வேண்டும். வாலின் செங்குத்துப் பகுதியைக் காற்று தள்ளுவதால் மூக்கு காற்றின் பக்கமே திரும்பப் பார்க்கும். ரடர் மிதியில் உயிர்ப்போடு இருங்கள்.

முன்கால் முழுதாக நீண்டிருக்கும்போது 172இல் முன்சக்கரம் தானாக நடுவில் நிற்கும், ரடர் அழுத்தியபடி இறங்கலாம். பைப்பர் செரோக்கி வகையில் அது மிதியோடு நேரடி இணைப்பு. அங்கே மிதி அழுத்தியபடியே முன்சக்கரத்தை இறக்கினால் விமானம் சட்டென்று திரும்பும். பள்ளி மாறும்போது இது நினைவில் இருக்கட்டும். 172இல் 20 டிகிரிக்கு மேல் ஃபிளாப் இருக்கும்போது நீண்ட, செங்குத்தான ஸ்லிப் (ஒரு பக்கம் சாய்த்து, எதிர்ப்பக்க ரடர் அழுத்தி இறங்குவது) வேண்டாம் என்கிறது கையேடு, எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் பலகை) துடிக்கக்கூடும்.

பேஸிலிருந்து ஃபைனலுக்குத் திரும்பும்போது ரன்வேயைத் தாண்டிப் போய்விட்டேன். இன்னும் சாய்த்துத் திருப்பலாமா?

கூடாது. இந்தப் பக்கத்தில் உயிரைப் பறிக்கக்கூடிய பிழை இதுதான். மற்றவற்றில் பெரும்பாலும் தகடுதான் வளையும்.

உயரம் இழக்காமல் திருப்பும்போது 30 டிகிரிச் சாய்வில் ஸ்டால் வேகம் 7 சதவீதம் கூடும், 45இல் 19, 60இல் 41. 500 அடியில் சாய்வைக் கூட்டப் பயந்து, அதற்குப் பதிலாக உள்பக்க ரடரை அழுத்தி மூக்கைத் திருப்புகிறார் மாணவர். மூக்கு தாழ்கிறது, யோக்கை இழுக்கிறார். சாய்வு கூடுகிறது, எதிர் எய்லரான் கொடுக்கிறார். உள்பக்க இறக்கை முதலில் ஸ்டால் ஆகி விமானம் புரண்டு சுழலும். அந்த உயரத்தில் மீட்க இடம் இல்லை. 30 டிகிரிக்கு மேல் சாய்க்காமல், ரன்வேயைத் தாண்டிப் போனால் போகட்டும் என்று விட்டு, கோ-அரவுண்ட் செய்யுங்கள்.

கோ-அரவுண்டில் என்ன வரிசை?

முழு த்ராட்டில். 152 என்றால் கார்புரேட்டர் ஹீட்டையும் (கார்புரேட்டரில் பனி உறையாமல் சூடாக்கும் குமிழ்) உள்ளே தள்ளுங்கள். 172எஸ்ஸில் எரிபொருள் ஊசிமுறை, அந்தக் குமிழே கிடையாது. உடனே யோக்கை முன்னால் அழுத்திப் பிடியுங்கள். இங்கே தள்ள வேண்டியதுதான்: ஃபைனலுக்காக வைத்த ட்ரிம்மும் முழு பவரும் சேர்ந்து மூக்கை வானத்துக்குத் தூக்கும், அந்த விசை எதிர்பார்ப்பதைவிடப் பலமானது. கூடவே வலது ரடர். ஃபிளாப்பை 30இலிருந்து 20க்கு. 60 நாட்டில் ஏறத் தொடங்குங்கள். பிறகு 10. தடைகளைத் தாண்டி, 65க்கு மேல் வந்த பின் முழுதாக மேலே. ட்ரிம்மைச் சரிசெய்யுங்கள். கடைசியாக ரேடியோவில் "கோயிங் அரவுண்ட்".

பிழைகள் இரண்டு. பதற்றத்தில் ஃபிளாப்பை ஒரே தட்டில் முழுவதும் எடுத்துவிடுவது, அதனால் விமானம் மூழ்கும். ரேடியோவை முதலில் எடுப்பது. டவருக்குப் பதில் சொல்லத் தாமதமானால் யாரும் கோபிக்க மாட்டார்கள்.

ரன்வேயின் முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் சக்கரம் தொடாவிட்டால் கோ-அரவுண்ட் என்று கிளம்புவதற்கு முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். ரன்வேக்கு மேல் மிதந்துகொண்டே யோசிக்க நேரம் போதாது.

டச் அண்ட் கோவில் (தரையைத் தொட்டு, நிற்காமல் மீண்டும் கிளம்புவது) என்ன தவறுகிறது?

தலை குனிவது. ஃபிளாப் நெம்புகோலையும் ட்ரிம்மையும் தேடும்போது விமானம் 50 நாட்டில் ஓரத்துக்குப் போய்க்கொண்டிருக்கும். முதலில் நேராக ஓடட்டும், பிறகு ஃபிளாப், பிறகு ட்ரிம் டேக்-ஆஃப் குறியில், பிறகு த்ராட்டில். ட்ரிம்மை மறந்து த்ராட்டில் கொடுத்தால் மூக்கு தானாகவே எழும், வேகம் வருவதற்கு முன்பே. முன்சக்கரத்தில் பாரம் இருக்க வேண்டும் என்று யோக்கை முன்னால் அழுத்துவதும் வேண்டாம். வேகத்தில் அப்படிச் செய்தால் விமானம் தள்ளுவண்டிபோல் முன்சக்கரத்தில் மட்டும் ஓடி, சிறு மிதி அசைவுக்கே சுழலும். முழுதாக நிற்கும் தரையிறக்கத்தில் பிரேக்கும் அப்படித்தான்: இறக்கையில் இன்னும் தூக்குவிசை இருக்கும்போது மிதித்தால் சக்கரம் பூட்டி டயரில் தட்டையான தழும்பு விழும்.

முதல் சோலோவில் மட்டும் ஏன் மிதக்கிறது?

பக்கத்து இருக்கை காலி. 1,050 கிலோவில் 80 கிலோ குறைந்தால் எடை 7.6 சதவீதம் குறைவு. தேவையான வேகம் எடையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பதால் ஏறக்குறைய 4 சதவீதம் குறையும். அதாவது 65 செய்த வேலையை 62.5 செய்யும். விமானம் சட்டென ஏறும், டவுன்விண்டுக்கு முன்பே 1,000 அடி வந்துவிடும், அதே 1,500 ஆர்பிஎம்மில் இறங்க மாட்டேன் என்னும். த்ராட்டிலைக் கொஞ்சம் கூடுதலாகக் குறையுங்கள். கோளாறு என்று நினைக்க வேண்டாம்.

வெயில் நேரத்தில் ஏன் எல்லாமே மாறுகிறது?

கடல் மட்டத்தில் 40 டிகிரி வெப்பம் என்றால் காற்றின் அடர்த்தி 3,000 அடி உயரத்தில் இருப்பதுபோல ஆகிவிடும். சுமார் 1,000 அடி உயரத்தில் உள்ள சேலம் விமான நிலையத்தில் அதே வெயிலில் 4,000 அடியைத் தாண்டும். வேகமானியில் அதே 65தான் பிடிக்க வேண்டும். ஆனால் உண்மை வேகம் 6 சதவீதம் வரை கூடுதல், ஆகவே தரை வேகமாக ஓடும், நிற்கத் தூரம் கூடும், கோ-அரவுண்டில் ஏறுவது மந்தமாகும். தரை ஓடும் வேகத்தைப் பார்த்து, வேகம் கூடிவிட்டது என்று மூக்கைத் தூக்கிவிடாதீர்கள்.

மதியத்தில் ஃபைனலின் கீழே உழுத வயலும் பாறையும் விமானத்தைத் தூக்கும், ஏரியும் பசும்பயிரும் அமுக்கும். ஒவ்வொரு குலுக்கலுக்கும் பவரை மாற்றினால் முடிவே இராது. ஃபிளேர் பழகுபவர்களுக்குக் காலை 6 மணி ஸ்லாட் கிடைத்தால் விடாதீர்கள்.

ஒரு மணி நேரத்தில் எத்தனை தரையிறக்கம் செய்யலாம்?

சர்க்யூட் நெரிசல் இல்லாவிட்டால் 8 முதல் 10. ஏழாவதுக்குப் பின் தரம் குறையத் தொடங்கினால் அது களைப்பு, இறங்கிவிடுங்கள். ஒரே பிழை மூன்று முறை திரும்பினால் நான்காவதில் தரையிறங்காமல், ரன்வேக்கு மேல் சில அடி உயரத்தில் கொஞ்சம் பவரோடு நேராகப் பறந்து போய்ப் பாருங்கள். ஃபிளேரில் 3 விநாடி மட்டும் கிடைக்கும் காட்சி அங்கே 20 விநாடி கிடைக்கும். இது இன்ஸ்ட்ரக்டர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும்.

பலமாக இறங்கிவிட்டேன். வெளியே ஒன்றும் தெரியவில்லை. சொல்ல வேண்டுமா?

சொல்ல வேண்டும், அடுத்தவர் ஏறுவதற்கு முன்பு. எஞ்சினை நிறுத்தியதும் ப்ரொபெல்லர் நுனிகள், டயர், முன்காலில் எண்ணெய்க் கசிவு, தீத்தடுப்புச் சுவரின் கீழ்த்தகட்டில் சுருக்கம், வால் வளையம் ஆகியவற்றைப் பாருங்கள். பார்த்தது எதுவானாலும், எதுவும் தெரியாவிட்டாலும், விமானத்தின் தொழில்நுட்பப் பதிவேட்டில் பலமான தரையிறக்கம் என்று எழுதி, இன்ஜினியர் பார்த்துக் கையெழுத்திடும்வரை அதைப் பறக்க விடக் கூடாது. எஞ்சின் தாங்கியின் குழாயில் விழும் மயிரிழை விரிசல் மூடியைக் கழற்றினால்தான் தெரியும்.